கதவு அட்டைகள்

பிரவுன் ஷீட்டைக் கண்டா எனக்கு ஆகாது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தா ஊரே சுருள் சுருளா வாங்கிட்டுப் போய் நோட்டுக்கு அட்டை போடும். என் பொண்ணு நோட்டுக்கு மட்டும் பழைய காலண்டர் தாள்தான். ஏம்மா நம்ம வீட்ல மட்டும் இப்படின்னு அவளும் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போயிட்டா. காரணத்தை இத்தனை வருஷமா யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. சொன்னா என் மேலயும் சேறு தெறிக்கும், அதான்.

எனக்குப் பொறந்த ஊர் காவேரிப்பட்டினம். கல்யாணம் ஆகி வந்தது மூக்கண்டப்பள்ளிக்கு. வீட்டுக்காரருக்கு சிப்காட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல வேலை. எனக்கு இடைநிலை ஆசிரியை வேலைக்கு ஆர்டர் வந்தப்ப, ஓசூருக்குள்ளயே எங்கயாவது போட்டுடுவாங்கன்னு ரெண்டு பேரும் கோயில் கோயிலாப் போயிட்டு வந்தோம். போட்டது ஜவளகிரிப் பக்கம், காட்டை ஒட்டின ஒரு ஊர்ல. டவுன் பஸ் பிடிச்சு பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து தளி பஸ், தளியில இறங்கி இன்னொரு பஸ், அப்புறம் கேழ்வரகுக் கொல்லைக்கு நடுவுல ஒரு மைல் நடை. அறுப்புச் சமயத்துல யானை இறங்கும்னு மூணரைக்கே பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு ஓடணும். ரெண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்குல நடந்தது இதெல்லாம்.

ரெண்டே டீச்சர் இருந்த பள்ளிக்கூடம். நாலாவது அஞ்சாவது தலைமையாசிரியைக்கு, ஒண்ணு ரெண்டு மூணு எனக்கு. பிள்ளைங்க அவங்களைப் பெரிய டீச்சர்னும் என்னைச் சின்ன டீச்சர்னும் கூப்பிடும். ஆபீசர் யாராவது வந்தா நான் அவங்களை மேடம்பேன், மத்த நேரத்துல அக்கா. சேலத்துப் பக்கத்துக்காரங்க. இருபது வருஷமா இந்தப் பக்கமே கிடந்து, தெலுங்கும் கன்னடமும் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. எனக்கோ ரெண்டுல ஒண்ணும் தெரியாது.

நான் சேர்ந்த மொத வாரம், என் பிள்ளையைத் தமிழச்சி திட்டிட்டான்னு ஒரு அப்பா குடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னு சத்தம் போட்டார். அக்காதான் முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு எனக்கு முன்னாடி போய் நின்னாங்க. மத்தியானம் அவங்க டப்பாவுல இருந்து களி உருண்டையில பாதியைக் கிள்ளி என் மூடியில வைப்பாங்க. சாப்பிடு கண்ணு, மூணு பஸ்ஸுலயும் நின்னுக்கிட்டே வந்திருப்பியேன்னு சொல்வாங்க. அக்கா தங்கச்சி இல்லாத வீட்ல பொறந்தவ நான். அந்தக் கண்ணுங்கற ஒரு சொல்லுக்கே விழுந்துட்டேன்.

அந்த வருஷம்தான் அட்டை முறை வந்துச்சு. பெஞ்சை ஓரம் கட்டிட்டு, பிள்ளைங்க பாயில வட்டமா உக்காரணும். சுவத்துல ஏணிப்படின்னு ஒரு பெரிய தாள், படிக்குப் படி ஒரு படம். பிள்ளை தான் நிக்கற படியைப் பார்த்து, அதே படம் போட்ட அட்டையைத் தட்டுல இருந்து தானே எடுத்துப் படிச்சு, முடிச்சதும் அடுத்த படிக்கு ஏறணும். எழுதறதுக்கு அவங்க உயரத்துக்குக் கரும்பலகை. தலைக்கு மேல கம்பி கட்டி அவங்க வரைஞ்சதை எல்லாம் தொங்க விடணும். காலையில வந்ததும் அவங்களே வருகையைக் குறிச்சுக்குவாங்க, வெளியில எட்டிப் பார்த்து வெயிலா மேகமான்னு வானிலை அட்டையைத் திருப்பி வைப்பாங்க. கிருஷ்ணகிரியில பயிற்சி குடுத்தப்ப எனக்கு இதெல்லாம் கூத்தாத்தான் இருந்துச்சு. வகுப்புல வந்து செஞ்சு பார்த்தா பிள்ளைங்க ஒட்டிக்கிச்சுங்க. மூணாவது படிக்கறவன் ஒண்ணாவதுக்குச் சொல்லிக் குடுப்பான், எனக்குத் தொண்டைத் தண்ணி மிச்சம்.

ஒருத்தி மட்டும் ஏறல. ரெண்டாவது படிச்ச பொண்ணு, எண்ணெய் வழியற ரெண்டு பின்னல். தெலுங்கு வீடு. அம்மாவும் அப்பாவும் ரோஜாப் பண்ணையில கூலி வேலை. ஒண்ணாவதுல ஒரு வருஷம் முழுக்க வாயே திறக்கலன்னு அக்கா சொன்னாங்க. ஊமையோன்னு நானும்தான் நினைச்சேன். வெளியில அஞ்சாங்கல்லு ஆடறப்ப பார்த்தா தெலுங்குல பிச்சு உதறுவா, பக்கத்துல இருக்கறவளுக்குப் பதில் சொல்ல இடம் விடமாட்டா. வாசப்படி தாண்டி உள்ள வந்தா வாய்க்குப் பூட்டு. அவளைச் சொல்லியும் குத்தமில்ல. மரம்னு ஒரு சொல்லையே கேட்டிராத பிள்ளைகிட்ட மரத்துக்கு ம-ன்னு நாள் பூராக் கத்தினா அவ என்னத்தைக் கண்டா? எழுத்து தனித்தனியாத் தெரியும். சேர்த்தா அது என்னன்னு தெரியாது. எல்லாரும் ஏணியில ஏறிக்கிட்டே இருக்க, அவ பேர் மட்டும் மொதப் படியிலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு நாள் அவ ஏணிப்படிக்கு முன்னாடி நின்னு அதுல இருந்த யானைப் படத்தையே வெறிச்சுக்கிட்டு இருந்தா. என்ன பாக்கறேன்னு கேட்டேன். ஏனுகுன்னா. தெலுங்குல யானை. ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் அவங்க வீட்டுக்குப் பக்கத்துக் கொல்லையில இறங்கிட்டுப் போயிருந்துச்சு. அவ என்கிட்டப் பேசின மொதச் சொல்லு அதுதான். கையில கிடைச்ச ஒரு அட்டையை எடுத்து, அந்த ஏனுகுவை அப்படியே தமிழ் எழுத்துல எழுதி அவ முன்னாடி நீட்டினேன். ஏ, னு, குன்னு கூட்டினா. இன்னொரு தடவை கூட்டினா. அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. தன் வீட்டுப் பேச்சு பள்ளிக்கூடத்து அட்டையில ஏறி உக்காந்திருக்குன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்காரர்கிட்ட அட்டை கேட்டேன். அவங்க கம்பெனியில பெட்டி வெட்டின கழிவு மலையாக் குவியும். சூப்பர்வைசரைக் கெஞ்சி, கேட் பாஸ் போட்டு, பைக்ல கட்டி எடுத்துட்டு வந்தார். ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் புடவை கேப்பாங்க, எனக்கு வாய்ச்சவ குப்பை கேக்கறான்னு சிரிச்சார். ஒரு சாண் அளவுக்கு வெட்டினேன். மேல படம். படத்துக்குக் கீழ ஒரு தாள் மடிப்பு, அது மேல பிள்ளைங்க வீட்டுச் சொல்லு, தமிழ் எழுத்துல. மடிப்பைத் தூக்கினா உள்ள தமிழ்ச் சொல்லு. செட்டுன்னு படிச்சுத் திறந்தா மரம். குக்கன்னு படிச்சுத் திறந்தா நாய். பிள்ளைங்களே அதுக்குக் கதவு அட்டைன்னு பேர் வச்சுச்சுங்க. எங்களுக்குக் கதவு இல்லையான்னு கன்னட வீட்டுப் பையன் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். சரிடா சாமின்னு ரெண்டு கதவு வச்சேன். கன்னடத்துல மரத்துக்கு மர-ன்னு எழுதினதும் அவனுக்குத் தாங்க முடியாத பெருமை. எங்களுக்கு ஒரு எழுத்துதான் டீச்சர் கம்மி, இவளுக்குத்தான் எல்லாமே கம்மின்னு அவளை வம்புக்கு இழுத்தான். அவ தெலுங்குல திருப்பிக் குடுத்தா. என்ன சொன்னான்னு எனக்கு யாரும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க.

எனக்குத்தான் ரெண்டு மொழியும் தெரியாதே. சொல்லு ஒவ்வொண்ணும் பிள்ளைங்க குடுத்தது. படமும் அவங்க வரைஞ்சதுதான். அரசாங்க அட்டையில இருந்த யானை சிரிச்சுக்கிட்டு இருக்கும். அவ வரைஞ்ச யானை வாய் நிறையக் கேழ்வரகுக் கதிரோட, மிதிச்சுப் போட்ட வேலிக்குப் பக்கத்துல நின்னுச்சு. அட்டைக்குப் பின்னால, சொல்லு குடுத்தவங்க தன் பேரைத் தன் கையால எழுதணும்னு ஒரு முறை வச்சேன். கோணலும் மாணலுமா எழுதுவாங்க. தன் பேர் எத்தனை அட்டையில இருக்குன்னு திருப்பித் திருப்பி எண்ணறதே அவங்களுக்கு ஒரு விளையாட்டு. அவ பேர் நாப்பது அட்டைக்கு மேல இருந்துச்சு. பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்ப அவ ஏணியில ஆறு படி ஏறியிருந்தா. ஒண்ணாவதுப் பிள்ளைங்களை உக்கார வச்சுக்கிட்டு, கதவைத் திற, உள்ள என்ன இருக்குன்னு என்னை மாதிரியே குரலை உயர்த்திக் கேப்பா.

அப்பத்தான் மேளா வந்துச்சு. டீச்சருங்க செஞ்ச கற்றல் பொருளை எல்லாம் ஒரு இடத்துல பரப்பி வச்சு, ஆபீசருங்க பார்த்துப் பரிசு குடுப்பாங்க. அன்னிக்குன்னு பார்த்து எனக்குக் கிருஷ்ணகிரியில பயிற்சி. நான் எடுத்துட்டுப் போறேன் கண்ணு, உன் அட்டைதான் நம்ம பள்ளிக்கூடத்து மானத்தைக் காப்பாத்தப் போகுதுன்னாங்க அக்கா. உன் அட்டைன்னுதான் சொன்னாங்க, இந்தக் காதால கேட்டேன். படிச்சுக் காட்ட அவளையும் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. நான் ரெண்டு சிவப்பு ரிப்பன் வாங்கி, முந்தின நாள் நானே அவளுக்குப் பின்னிக் கட்டி அழகு பார்த்தேன். மண்டு மாதிரி.

பயிற்சி முடிஞ்சு நான் வந்தப்ப மேஜை மேல கேடயம் மின்னிக்கிட்டு இருந்துச்சு. மொதப் பரிசு கண்ணுன்னு அக்கா என் வாயில மைசூர்பாகு ஊட்டினாங்க. எனக்குத் தலைகால் புரியல. பிள்ளைங்க பையைப் பிரிச்சு அட்டையை எடுத்துச்சுங்க, எடுத்ததும் வழக்கம் போலத் திருப்பிப் பார்த்துச்சுங்க. அந்தக் கன்னடப் பையன்தான் மொதல்ல கேட்டான், டீச்சர், என் பேரு எங்கன்னு.

அத்தனை அட்டைக்கும் பின்னால பிரவுன் ஷீட். அளவெடுத்து, ஓரம் பிசிறு இல்லாம வெட்டி, பசை தடவி ஒட்டியிருந்துச்சு. நூத்துச் சொச்சம் அட்டை. கண்ணை மூடிட்டு அவசரத்துல செஞ்ச காரியமா அது? உக்காந்து, பொறுமையா, ஒவ்வொரு பிள்ளை பேரையும் பார்த்துப் பார்த்து மூடின வேலை. பிள்ளைங்க எச்சி தொட்டு நகத்தால சுரண்ட ஆரம்பிச்சுச்சுங்க. தாளோட சேர்ந்து பேரும் பிஞ்சுக்கிட்டு வந்துச்சு.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரிய டீச்சர்தான் ஒட்டினாங்களாம், கையெழுத்து அசிங்கமா இருக்குன்னு. அங்க உன்னை என்ன கேட்டாங்கன்னேன். ரிப்பன் நுனியைத் திருகிக்கிட்டே சொன்னா. இதை யார் செஞ்சதுன்னு ஒரு சார் கேட்டாராம். பெரிய டீச்சர் செஞ்சாங்கன்னு சொன்னாளாம். போறப்ப பஸ்ஸுலயே நாலஞ்சு தடவை சொல்லிப் பார்க்க வச்சாங்களாம், சரியாச் சொன்னதுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்களாம். சந்தோசமாச் சொன்னா. ஒரு வருஷத்துக்கு மேல வாய் திறக்காத பிள்ளை ஊர் முன்னாடி திறந்து சொன்ன மொத முழு வாக்கியம். தமிழ்ல ஒரு பிழை இல்ல. நான் திறந்து விட்ட வாயில அவங்க பொய்யை வச்சு அனுப்பியிருக்காங்க. அதை என்னால இன்னிக்கும் மன்னிக்க முடியல.

நேரா அக்காகிட்டப் போனேன். பள்ளிக்கூடத்துப் பேர்ல போனா தலைமையாசிரியை பேரைத்தான் போடுவாங்க கண்ணு, நமக்குள்ள என்ன நீ நான்னு அப்படின்னு சிரிச்சுக்கிட்டே டப்பாவைத் திறந்தாங்க. களியைக் கிள்ளி என் மூடியில வச்சாங்க. எனக்குக் கோவம் வந்தா மூக்குக்கு மேல வரும்னு எங்க அம்மா சொல்வாங்க. அன்னிக்கு ஏனோ வரல. வச்சதைத் தின்னேன். அதை நினைச்சாத்தான் எனக்கு என் மேலயே ஆத்திரம் வருது.

ஒரு மாசம் கழிச்சுச் செய்தி மடல் வந்துச்சு. எந்தெந்தப் பள்ளிக்கூடத்துல என்னென்ன புதுசாச் செய்யறாங்கன்னு போட்டு ஆபீஸ்ல இருந்து அனுப்பற நாலு பக்கத் தாள். நடுப்பக்கத்துல அக்கா கதவு அட்டையைத் தூக்கிப் பிடிச்சிருக்காங்க, பக்கத்துல சிவப்பு ரிப்பனோட அவ. வீட்டு மொழியில் இருந்து தமிழுக்குப் பாலம் போட்ட தலைமையாசிரியைன்னு எழுதியிருந்துச்சு. எப்படி யோசனை வந்துச்சுன்னு கேட்டதுக்கு, பேசாத ஒரு குழந்தை யானைப் படத்தைப் பார்த்து நின்னதை அக்கா அப்படியே சொல்லியிருந்தாங்க. அந்த யானையையும் விடல. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னானாம். தளி பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அதைப் படிச்சேன். நம்ப வச்சுக் கழுத்தறுக்கறதுன்னா என்னன்னு அன்னிக்கு எனக்கு விளங்கிச்சு. அதோட அக்கான்னு கூப்பிடறதை நிறுத்தினேன். தனியாச் சாப்பிட்டேன். விடு, உனக்குச் சம்பளம் வருதில்லன்னு வீட்டுக்காரர் சொன்னார், அவர்கிட்டயும் ரெண்டு நாள் பேசல.

அந்த மடல்தான் வினையாவும் வந்துச்சு. அதைப் பார்த்த யாரோ ஒருத்தர், எல்லையில இருக்கற தமிழ்ப் பள்ளிக்கூடத்துல தெலுங்கும் கன்னடமும் சொல்லிக் குடுக்கறாங்கன்னு மேல மனு போட்டுட்டார். எல்லைப்பக்கம் இது பொல்லாத சமாச்சாரம். விசாரிக்க ஆள் வருதுன்னு தகவல் வந்த அன்னிக்குப் பெரிய டீச்சர் முகத்துல ஈயாடல. மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் உக்காந்திருந்த வேப்பமரத்தடிக்கு வந்தாங்க. அட்டை நீ செஞ்சதுதானே கண்ணு, நீயே சொல்லிடு. உனக்குச் சின்ன வயசு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எனக்கு ரிட்டயர்மென்ட் ரெண்டு வருஷம்தான் இருக்கு, இந்த நேரத்துல ஒரு கறை விழக் கூடாதுன்னு கெஞ்சினாங்க.

"பரிசு வாங்கறப்ப நீங்க, பதில் சொல்றப்ப நானா?"ன்னு கேட்டேன். "உங்க கேடயத்தைக் கொண்டு போய்க் காட்டுங்க."

அன்னிக்குத்தான் என் மூக்கு மேல கோவம் வந்துச்சு. வர வேண்டிய நாள்ல வராம, வரக் கூடாத நாள்ல வந்துச்சு.

அடுத்த திங்கக்கிழமை ஆபீஸ்ல இருந்து ஒரு சார் பைக்ல வந்தார். நரைச்ச மீசை, புழுதி படிஞ்ச செருப்பு. மிரட்டற ஆள் இல்ல. பாயில பிள்ளைங்களோடயே சம்மணம் போட்டு உக்காந்து அட்டையை ஒவ்வொண்ணா எடுத்துக் கதவைத் திறந்து பார்த்தார். பாதியிலயே அவர் முகத்துல சிரிப்பு வந்திருச்சு. நல்லாத்தானே இருக்குன்னார். அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சொன்னதை நான் வார்த்தை மாறாம ஞாபகம் வச்சிருக்கேன்.

"செஞ்சவங்க யாரோ அவங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க. பிள்ளைங்களைத் தமிழுக்குக் கூட்டிட்டு வரத்தான் செஞ்சோம்னு. நான் அட்டையை இங்கயே விட்டுட்டுப் போறேன். இல்லன்னா எடுத்துட்டுப் போறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

ரெண்டு வரி. நான் எழுதியிருக்கலாம். கையில பேனா இருந்துச்சு, மேஜை மேல தாள் இருந்துச்சு. பெரிய டீச்சர் என்னையே பார்த்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியில பார்த்தேன். யாரோ ஒருத்தர் எருமையை ஓட்டிக்கிட்டுப் போனார். உலகத்துலயே பார்க்க வேண்டிய காட்சி அது ஒண்ணுதான்கற மாதிரி எருமை கண்ணுக்கு மறையற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தேன். வாங்கினவங்களே எழுதட்டும், பட்டாத்தான் புத்தி வரும்னு மனசு குதியாட்டம் போட்டுச்சு.

யாரும் வாய் திறக்காததைப் பார்த்துட்டு அந்த சார், பக்கத்துல உக்காந்திருந்த அவகிட்டக் கேட்டார். பாப்பா, இதை யார் செஞ்சதுன்னு நீ சொல்லு. எருமை போனப்புறமும் நான் ஜன்னலை விட்டுத் திரும்பல. அப்புறம் கணீர்னு வந்துச்சு.

"பெரிய டீச்சர் செஞ்சாங்க."

எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. பஸ்ஸுல வச்சுச் சொல்லிக் குடுத்த பாடம் திரும்பி வந்து அவங்க கழுத்தையே பிடிச்சுதேன்னு உள்ளுக்குள்ள கைதட்டினேன். அப்ப நீங்க எழுதுங்க மேடம்னு அவர் தாளை நகர்த்தினார். பெரிய டீச்சருக்கு வேர்த்து ஊத்துச்சு. இது சும்மா மேளாவுக்காகச் செஞ்சது சார், வகுப்புல வச்சுப் பாடம் நடத்தறதில்ல, நீங்க எடுத்துட்டே போங்கன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்த அட்டையை வச்சுத்தான் பிள்ளைங்க படிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு கதவும் கிழிஞ்சு, செலோ டேப் ஒட்டி, ஓரமெல்லாம் விரல் அழுக்கு. அந்த அழுக்கே சாட்சி சொல்லும். அப்பவாவது நான் பேசியிருக்கலாம். பேசல.

சத்துணவு அரிசிச் சாக்கு ஒண்ணு கேட்டு வாங்கினார். அட்டை எல்லாத்தையும் அதுல போட்டார். சாக்கோட வாயைக் கட்டறதுக்கு அந்தக் கன்னடப் பையன் ஓடிப் போய்க் கயிறு எடுத்துட்டு வந்து குடுத்தான், எங்கயோ இன்னொரு பரிசுக்குப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டு. இனிமே வேற்று மொழி அட்டை வகுப்பறையில வைக்க மாட்டோம்னு பார்வைப் பதிவேட்டுல எழுதி எங்க ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினார். அவங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து. பைக் பின்னால சாக்கு ஆடி ஆடிப் போச்சு. அந்தச் சாக்கு திரும்பி வரவே இல்ல, என்ன ஆச்சுன்னும் தெரியாது.

எதிரிக்குச் சகுனத் தடைன்னு தன் மூக்கைத் தானே அறுத்துக்கிட்ட கதை சொல்வாங்க. நான் அதை விட மோசம். அறுத்தது என் மூக்கைக் கூட இல்ல. பெரிய டீச்சருக்கு ஒண்ணும் ஆகல, கறை இல்லாம ரிட்டயர் ஆகி, மாலை போட்டுக்கிட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடியே நான் மாறுதல் வாங்கிக்கிட்டு ஓசூருக்கு வந்துட்டேன். அவ பேர் ஏணியில எந்தப் படியில நின்னுச்சோ அந்தப் படியிலயே அந்த வருஷம் முடிஞ்சுது. ஆனா அதெல்லாம் அப்புறம்.

சாக்கு போன அன்னிக்குச் சாயங்காலம், பிள்ளைங்க எல்லாம் போனதுக்கப்புறம் நான் பாயைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். அவ மட்டும் போகாம வாசப்படியில நின்னா. ஏன் நிக்கறே, யானை வர்ற நேரம், போன்னேன். போகல. எனக்கு அவ மேலயும் கொஞ்சம் கோவம் இருந்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பொய் சொல்லலாமாடி, அட்டை யார் செஞ்சதுன்னு உனக்குத் தெரியாதான்னு கேட்டுட்டேன். எட்டு வயசுப் பிள்ளையைக் கேட்டேன், நான்.

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. அழல. தமிழ்லயேதான் சொன்னா, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாத் தேடி எடுத்து.

"சார் கேட்டப்ப உங்களைத்தான் பாத்தேன் டீச்சர். நீங்க ஜன்னலைப் பாத்துட்டு இருந்தீங்க."